புது கூலர் போட்டும் அடங்காத ஃபேன்

கம்ப்யூட்டரை ஆன் செய்தாலே பிராசசர் ஃபேன் மிக்ஸி மாதிரி இரையும். தூசி தட்டினேன், பிராசசரின் வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றினேன், பிரயோஜனமில்லை. விரலால் சுற்றிப் பார்த்தால் அச்சு லேசாக ஆடியது. சரி, பேரிங் போய்விட்டது என்று பிராசசரைக் குளிர்விக்க, 120 மில்லிமீட்டர் ஃபேன் உள்ள உயரமான டவர் கூலர் வாங்கினேன். இறக்கை பெரிதென்றால் மெதுவாகச் சுற்றியே அதே அளவு காற்றைத் தள்ளும்.

மாட்டியதும் கரகரப்பு போனது, காற்றிரைச்சல் போகவில்லை. வெப்பம் 38 டிகிரிதான், ஆனாலும் ஃபேன் முழு வேகத்தில். பயாஸில், அதாவது கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரையில், வேகத்தை எவ்வளவு குறைத்து வைத்தாலும் அசையவில்லை. இதிலேயே இரண்டு நாள் வீண்.

அப்புறம் ஃபேன் பிளக்கைக் கழற்றியபோதுதான் கவனித்தேன்: மதர்போர்டில் 4 பின், பிளக்கில் 3 துளைதான். வேகக் கட்டளை போவதே அந்த நான்காவது பின் வழியாக. பயாஸ், அந்தப் பின் வழியே வேகத்தைச் சொல்லும் பிடபிள்யூஎம் முறையில் இருந்ததால் கட்டளை அங்கேயே நின்றுவிட, ஃபேனுக்கு எந்நேரமும் 12 வோல்ட். அந்த இணைப்பை டிசி முறைக்கு மாற்றினேன். அதில் வோல்டேஜைக் குறைத்தே வேகத்தைக் குறைப்பார்கள். மறுபடி ஆன் செய்ததும் நிமிடத்துக்கு 1500 சுற்று 700க்கு இறங்கியது.

இப்போது ஹார்ட் டிஸ்க் முனகுவது கேட்கிறது. இத்தனை நாள் அது சத்தம் போட்டதே எனக்குத் தெரியாது.