ஊருக்குப் போகிறீர்களா? டிக்கெட் எடுக்கும் முன் பிளேனைப் பாருங்கள்

பள்ளிக்கூட விடுமுறை நெருங்கினால் என் போனுக்கு இரண்டு மூன்று அழைப்பாவது வந்துவிடும். "ஊருக்குப் போகப் போறம், எந்த எயார்லைன்ஸ் நல்லது?" நான் திருப்பிக் கேட்பது, "என்ன பிளேன்?" என்றுதான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. டிக்கெட் விலை தெரியும், எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்று தெரியும், டுபாயிலோ தோஹாவிலோ எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதும் மனப்பாடம். ஆனால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்காரப் போகிற அந்த வாகனம் எது என்று கேட்டால் தெரியாது. ஒரே கம்பனியே நாலு விதமான பிளேன் வைத்திருக்கிறது. அதனால் கம்பனியின் பெயரை வைத்து மட்டும் முடிவெடுத்தால் பாதிதான் தெரிந்துகொண்டீர்கள் என்று அர்த்தம்.

ரொறன்ரோவிலிருந்து கொழும்புக்கோ சென்னைக்கோ நேரடி விமானம் இல்லை, எங்கேயாவது மாறித்தான் ஆகவேண்டும். லண்டன்காரருக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம்: சிறிலங்கன் கொழும்புக்கு நேரே போகிறது, பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் சென்னைக்கு நேரே போகிறது. மெல்பேர்னில் இருப்பவருக்கும் கொழும்புக்கு நேரடி சிறிலங்கன் உண்டு. மற்றவர்களில் பெரும்பாலானோர் இரண்டு துண்டாகத்தான் பறக்கிறோம், இரண்டு துண்டுக்கும் பிளேன் வேறு வேறாக இருக்கலாம். முதல் துண்டு பெரிய இரட்டை மாடி ஏ380 ஆக இருந்து, "ஆகா, நல்ல வசதி" என்று சந்தோஷப்பட்டு இறங்கி, அடுத்த துண்டில் போயிங் 777-இல் மூன்று பேருக்கு நடுவில் மாட்டிக்கொள்வது வழமை. இரண்டையும் பாருங்கள்.

இந்தப் பாதைகளில் அதிகம் மாட்டுகிற பிளேன் போயிங் 777தான். 1994-இல் முதன்முதலாகப் பறந்து, 1995 ஜூனில் யுனைட்டெட் கம்பனியோடு லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் இடையில் சேவைக்கு வந்தது. இன்றைக்கு நாங்கள் ஏறுவது பெரும்பாலும் அதன் நீட்டிய வடிவம், 777-300ஈஆர், 2004-இல் எயார் பிரான்ஸோடு தொடங்கியது. மூக்கிலிருந்து வால் வரை கிட்டத்தட்ட 74 மீட்டர். உலகத்திலேயே அதிகமாக 777 வைத்திருப்பது எமிரேட்ஸ். கட்டார், எத்திஹாட், எயார் இந்தியா, எயார் கனடா, பிரிட்டிஷ் எயார்வேய்ஸ், எயார் பிரான்ஸ், கேஎல்எம், சுவிஸ், ரேர்க்கிஷ், சிங்கப்பூர் எயார்லைன்ஸ், கத்தே பசிபிக் என்று புலம்பெயர்ந்த சனம் ஏறுகிற கம்பனிகளில் முக்கால்வாசியிடம் இது உண்டு. சிறிலங்கனிடம் இல்லை. அவர்கள் நீண்ட தூரத்துக்கு எயர்பஸ் ஏ330-ஐத்தான் ஓட்டுகிறார்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். எனக்குப் பிடித்த இடம் இதுதான், அலுப்பாக இருந்தால் தாண்டிப் போங்கள்.

777-இன் உள் அகலம் சுமார் 5.87 மீட்டர். போயிங் அதைக் கொண்டுவந்த காலத்தில் பெரும்பாலான கம்பனிகள் ஒரு வரிசைக்கு ஒன்பது சீட்தான் போட்டார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பத்துக்கு மாறினார்கள், மூன்று-நாலு-மூன்று என்று. 587 சென்ரிமீட்டரைப் பத்தால் பிரித்தால், நடைபாதை இரண்டையும் சேர்த்து, தலைக்கு 59 சென்ரிமீட்டர்கூட வரவில்லை. அதே பிளேனில் ஒன்பது சீட் போட்டால் 65. ஏ330-இன் அகலம் குறைவு, சுமார் 5.26 மீட்டர்தான், ஆனால் அதில் வழமையாக இரண்டு-நாலு-இரண்டு என்று எட்டுப் பேர். தலைக்கு 66 சென்ரிமீட்டர் கிடைக்கிறது! சின்னப் பிளேனில் பெரிய இடம். போயிங் 787-இல் ஒன்பது பேர் இருந்தால் 61, ஏ350-இல் ஒன்பது பேர் இருந்தால் 62. 59-க்கும் 66-க்கும் நடுவில் உள்ள இந்த ஏழு சென்ரிமீட்டர் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, பக்கத்தில் இருப்பவர் தோளை அகட்டிக்கொண்டு நித்திரையாகும் வரைக்கும்.

777-ஐ எல்லோரும் பத்தாக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். சிங்கப்பூர் எயார்லைன்ஸின் 777-300ஈஆரில் இன்னும் மூன்று-மூன்று-மூன்றுதான், ரேர்க்கிஷிலும் பெரும்பாலும் அப்படியே. எமிரேட்ஸ், எயார் கனடா, எயார் பிரான்ஸ், கேஎல்எம், சுவிஸ் எல்லாம் பத்து. அதற்காக எமிரேட்ஸில் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை, நானே போகிறவன்தான். திரை பெரிது, பொதிகளுக்குக் கணக்குத் தாராளம், ஆனால் தோள் அகலமான மனுசன் நடுச் சீட்டில் மாட்டினால் அந்தத் தாராளம் எல்லாம் மறந்துபோகும்.

சரி, என்ன பிளேன் என்று எங்கே பார்ப்பது? டிக்கெட் பதிகிற பக்கத்தில் 'விபரம்' என்பதை அழுத்தினால் வரும். சில இடங்களில் முழுப் பெயர் இருக்காது, மூன்றெழுத்துக் குறியீடு மட்டும் இருக்கும். 77டபிள்யூ என்றால் 777-300ஈஆர், 77எல் என்றால் நீண்ட தூரம் பறக்கிற 777-200எல்ஆர். 332, 333 இரண்டும் பழைய ஏ330 வகைகள், 339 என்றால் அதன் புதிய வடிவம். 788, 789 என்றால் 787. 359 அல்லது 351 என்றால் ஏ350. 388 என்றால் இரட்டை மாடி ஏ380. ஏஜெண்டிடம் எடுக்கிறீர்கள் என்றால் இந்தக் குறியீட்டைக் கேளுங்கள், அவருடைய திரையில் அது இருக்கும், சொல்ல அவருக்குப் பஞ்சியாக இருக்கலாம், அவ்வளவுதான். இன்னொரு வழி, விமானங்களைப் பின்தொடர்கிற செயலிகளில் உங்கள் விமான இலக்கத்தைப் போட்டுக் கடந்த ஒரு கிழமை என்ன பிளேன் போனது என்று பார்ப்பது. ஏழு நாளும் ஒரே வகை போயிருந்தால் உங்களுக்கும் அதுவே வர வாய்ப்பு அதிகம்.

இதோடு இன்னொன்றையும் வடிவாகப் பாருங்கள்: விமானத்தை உண்மையில் ஓட்டுவது யார். டிக்கெட்டில் ஒரு கம்பனியின் இலக்கம் இருக்கும், கீழே சின்ன எழுத்தில் வேறொரு கம்பனி இயக்குகிறது என்று போட்டிருக்கும். சீட் அமைப்பு அந்த இரண்டாவது கம்பனியுடையதுதான், கரைச்சல் வந்தால் விமான நிலையத்தில் கதைக்க வேண்டியதும் அவர்களோடுதான்.

சீட் எடுப்பதற்கு என் கணக்கு இப்படி. இருவராகப் போகிறீர்கள் என்றால் ஏ330-இன் ஓரத்து இரண்டு சீட்டை விடச் சுகமான இடம் எகானமியில் இல்லை, ஜன்னல் ஒருவருக்கு, நடைபாதை ஒருவருக்கு, நடுவில் அந்நியர் இல்லை. 777-இல் போகிற ஜோடி விட்டுவிடுகிற ஒரு விஷயம்: உடல் வாலை நோக்கி ஒடுங்குகிற இடத்தில், கடைசிச் சில வரிசைகளில், பல கம்பனிகளின் 777-300ஈஆரில் ஓரத்தில் மூன்றுக்குப் பதில் இரண்டு சீட்தான் இருக்கும். சீட் வரைபடத்தில் ஓர் எழுத்துக் குறைந்திருப்பதைப் பார்த்தால் தெரியும். ஜன்னலுக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு கைப்பை வைக்கிற அளவுக்கு இடைவெளியும் கிடைக்கும். கழிப்பறைக்குப் பக்கம், சத்தம் கொஞ்சம் இருக்கும், இறங்கக் கடைசியாகத்தான் இறங்குவீர்கள், ஆனால் நான் அந்த இடத்தைத் தேடி எடுப்பேன்.

நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு பத்துச் சீட் போட்ட 777 கெட்டதே இல்லை. நடு நாலு சீட்டும் உங்களுடையது, இரண்டு ஓரத்திலும் அம்மாவும் அப்பாவும், நடுவில் பிள்ளைகள், யாரையும் எழுப்பாமல் எழுந்து போகலாம். மூன்று பேர் என்றால் ஜன்னல் பக்கம் மூன்று. கைக்குழந்தை இருந்தால் தொட்டில் மாட்டுகிற முன்சுவர் வரிசையைக் கேட்க வேண்டும், அது எண்ணிக்கையில் கொஞ்சம்தான், டிக்கெட் எடுத்த அன்றே போன் பண்ணிப் பதிந்துவிடுங்கள். அந்த வரிசையில் கைபிடி மேலே தூக்காது, ஏறி இறங்கும்போது கைப்பையைக் காலடியில் வைக்கவும் விடமாட்டார்கள். அவசர வாசலுக்குப் பக்கத்துச் சீட்டில் கால் நீட்டலாம், ஆனால் மேசை கைபிடிக்குள் இருப்பதால் சீட் இன்னும் ஒடுங்கிப்போகும், குழந்தைகளையும் அங்கே இருத்த மாட்டார்கள்.

வயதான பெற்றோரை அனுப்புகிறவர்களுக்கு. முடிந்தால் 787 அல்லது ஏ350 வருகிற விமானமாகப் பாருங்கள். பழைய வகைகளில் பிளேனுக்குள் காற்றழுத்தம் சுமார் 8,000 அடி மலைமேல் இருப்பது போல இறங்கலாம், இந்த இரண்டிலும் அது 6,000 அடியளவில் நிற்கும். காற்று அவ்வளவு வறண்டும் போகாது. என் அம்மா 787-இல் வந்து இறங்கிய நாள் "இந்த முறை தொண்டை காயேல்லை" என்று தானாகவே சொன்னார், நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. சக்கர நாற்காலி வேண்டுமென்றால் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் சொல்லுங்கள், அதிலும் வகை உண்டு: படி ஏற முடியும், தூரம்தான் நடக்க முடியாது என்றால் ஒன்று, படியே ஏற முடியாது என்றால் இன்னொன்று, சீட் வரைக்கும் தூக்கிப் போகவேண்டும் என்றால் மூன்றாவது. சும்மா 'வீல்செயார்' என்று மட்டும் சொல்லி விட்டால் முதல் வகையைப் போட்டுவிடுவார்கள், பிறகு படிக்கட்டில் நின்று முழிக்க வேண்டியதுதான்.

பெரியவர்கள் எல்லோரும் கேட்கிற ஒன்று: "இரண்டு எஞ்சின்தானே, கடலுக்கு மேலே ஒன்று நின்றால்?" ஒன்று நின்றாலும் மற்றதை வைத்துப் பறந்து போய் இறங்கக் கூடியதாகத்தான் இவை கட்டப்படுகின்றன, இறங்கக்கூடிய விமான நிலையம் குறிப்பிட்ட நேர எல்லைக்குள் இருக்கும்படிதான் பாதையும் போடுகிறார்கள். 777 சேவைக்கு வரும்போதே அந்த எல்லை 180 நிமிடம். 777-300ஈஆரின் எஞ்சினில் முன்னால் சுற்றுகிற விசிறியின் விட்டம் மட்டும் 3.25 மீட்டர். அதற்குள் நின்று கையை உயர்த்தினாலும் மேல் விளிம்பு எட்டாது. இதைச் சொன்னால் அப்பாக்கள் அமைதியாகிவிடுகிறார்கள், ஏனென்று தெரியவில்லை.

இவ்வளவையும் பார்த்துப் பார்த்து எடுத்தாலும் பிளேன் மாறலாம். எனக்கு நடந்தது: நாலு மாதத்துக்கு முன்னமே காசு கட்டி நாலு பேருக்கும் ஒன்றாகச் சீட் எடுத்திருந்தேன், புறப்பட ஐந்து நாள் இருக்கையில் ஒரு மின்னஞ்சல், "உங்கள் விமான விபரத்தில் சிறு மாற்றம்". நேரம் மாறவில்லை என்று பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டேன். விமான நிலையத்தில்தான் தெரிந்தது பிளேனே மாறியிருக்கிறது என்று. ஏழு வயது மகள் 31-ஆம் வரிசை, மனைவி 44, நான் 27, அம்மா எங்கேயோ நடுவில். வாசலில் நின்ற பெண் கணினியைத் தட்டித் தட்டி மகளையும் மனைவியையும் மட்டும் சேர்த்துத் தந்தார், மற்றதை உள்ளே போய்ச் சனத்திடம் கெஞ்சித்தான் சரிப்படுத்தினோம். எந்த வகைப் பிளேன் வரும் என்று கம்பனிகள் உறுதி தருவதில்லை, நிபந்தனைகளில் அப்படித்தான் எழுதியிருக்கும். ஆகவே கிழமைக்கு ஒரு தடவை சீட் வரைபடத்தைத் திறந்து பாருங்கள், கடைசி மூன்று நாளும் தினமும் பாருங்கள், மாறியிருந்தால் உடனே போன் எடுங்கள். காசு கட்டிய சீட் கிடைக்காவிட்டால் அந்தக் காசைத் திருப்பிக் கேட்கலாம், தானாக வரும் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

பெட்டி கட்டுவது பற்றி இரண்டு வார்த்தை. எவ்வளவு பெரிய பிளேனாக இருந்தாலும் தனிப் பெட்டி ஒன்று 32 கிலோவைத் தாண்டக் கூடாது, மேலதிகக் காசு கட்டுகிறேன் என்றாலும் எடுக்க மாட்டார்கள், இரண்டாகப் பிரிக்கச் சொல்வார்கள். பவர் பாங்க் பெட்டிக்குள் போடக் கூடாது, கையோடுதான். எமிரேட்ஸ் 2025 ஒக்டோபர் முதல், ஆளுக்கு ஒன்று, அதுவும் 100 வாட் மணிக்குக் கீழ் என்று வைத்திருக்கிறது, பிளேனுக்குள் அதைப் பயன்படுத்தவும் விடுவதில்லை. போனைச் சீட்டிலேயே சார்ஜ் போடலாம், கேபிளை மறக்காதீர்கள்.

கடைசியாக, யாழ்ப்பாணத்துக்கு நேரே இறங்க நினைக்கிறவர்கள். அங்கேயுள்ள பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் திரும்பத் திறந்தது, இடையில் நின்று 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. இண்டிகோ சென்னையிலிருந்தும் பிறகு திருச்சியிலிருந்தும் பறக்கத் தொடங்கியது. ஆனால் அங்கே போவது ஏடிஆர் 72, விசிறி சுழல்கிற சின்னப் பிளேன், ஒரு பக்கம் இரண்டு மறு பக்கம் இரண்டு. நீண்ட தூர விமானத்தில் தந்த பொதிக் கணக்கு இங்கே செல்லும் என்று நினைக்காதீர்கள், தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் நிச்சயமாகச் செல்லாது. அதைவிடப் பெரிய பொறி ஒன்று: தனித்தனி டிக்கெட் என்றால் சென்னையில் பெட்டியை எடுத்துத் திரும்பக் கொடுக்க வேண்டும், அதற்குக் குடிவரவைத் தாண்டி வெளியே வரவேண்டும், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு அதற்கு இந்திய விசா வேண்டும். இரண்டு மணி நேரம்தானே நிற்கப் போகிறேன் என்பது அங்கே எடுபடாது. கையில் இழுத்துப் போகிற பெட்டியும் ஏடிஆரின் மேல்தட்டுக்குள் போகாமல் வாசலில் வாங்கிக் கீழே போட்டுவிடுவார்கள், ஆகவே மருந்து, நகை, கடவுச்சீட்டு மூன்றையும் தோளில் மாட்டுகிற சின்னப் பைக்கு முதலே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.