காவிரிக்கு எத்தனை அசை? ஆங்கில இலக்கியக் கலைச்சொற்களில் நாம் சறுக்கும் இடங்கள்

கும்பகோணத்தில் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் சிலர் மாலையில் என் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். பெரும்பாலும் சுற்றுக் கிராமங்களில் பன்னிரண்டாவது வரை தமிழ்வழியில் படித்தவர்கள். ஒருநாள் ஒரு பையனிடம், "காவிரின்னா எத்தனை சிலபிள்?" என்று கேட்டேன். விரலை மடக்கினான். "ரெண்டு சார். கா நேர், விரி நிரை. கூவிளம்."

யாப்பிலக்கணப்படி நூற்றுக்கு நூறு. ஆங்கிலக் கணக்கில் தப்பு.

சிலபிளுக்கு உயிரொலிதான் கணக்கு. கா, வி, ரி என்று மூன்று உயிரொலி, எனவே மூன்று சிலபிள். நம் நிரையசையோ இரண்டு உயிரொலியை ஒரே அசைக்குள் அடக்கிக்கொள்ளும். 'அசை என்றால் சிலபிள்' என்று நோட்டில் எழுதி வைத்தவர் ஐயாம்பிக் பென்டாமீட்டர் என்ற ஆங்கிலச் செய்யுள் சந்தத்தில் வரிக்குப் பத்து சிலபிள் எங்கே என்று தேடிக்கொண்டே இருப்பார். எண்ணிக்கை சரியாக வந்தாலும் பாதிக் கிணறுதான். நாம் குறில், நெடில், ஒற்று பார்த்து அலகிடுகிறோம். அங்கே பார்க்க வேண்டியது குரலின் அழுத்தம். 'ரெக்கார்ட்' என்ற சொல் பெயராக வந்தால் முதல் சிலபிளில் அழுத்தம், வினையாக வந்தால் இரண்டாவதில். எழுத்து ஒன்றுதான், சந்தம் மாறிவிடுகிறது. அகராதியைத் திறந்தால் பொருளோடு மூடிவிடாதீர்கள். உச்சரிப்புக் குறிப்பில் சிலபிளுக்கு முன்னால் மேலே ஒரு சின்னக் கோடு இருக்கும், அதுதான் அழுத்தக் குறி. அப்புறம் வரியை வாய்விட்டுப் படியுங்கள். கண்ணால் மட்டும் படித்துச் சந்தம் பிடித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

இதே குடும்பத்துத் தவறுதான் ரைமை எதுகை என்பது. எதுகை இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது. முதல் குறளின் 'அகர', 'பகவன்' போல. அது அடியின் தொடக்கத்தில் கேட்கும். ரைம் கேட்பது வரியின் முடிவில். தமிழில் அதற்குப் பக்கத்து வீடு இயைபு. அதிலும் ஒரு பொறி உண்டு: 'லவ்', 'மூவ்' இரண்டின் வால் எழுத்துகளும் ஒன்றுதான், ஆனால் இன்றைய உச்சரிப்பில் காதுக்கு ஒட்டாது. இதைக் கண்ணுக்கான ரைம் என்று தனியாகவே சொல்கிறார்கள். மோனையும் அலிட்டரேஷனும் நெருங்கிய சொந்தம்தான், ஆனால் நம் மோனையில் மகரத்துக்கு வகரமும், சகரத்துக்குத் தகரமும் இனமாக வரலாம். ஆங்கிலத்தில் அந்தச் சலுகை இல்லை. அங்கே ஒலி ஒன்றாக இருக்க வேண்டும், எழுத்து எப்படி இருந்தாலும் சரி. கத்தியைக் குறிக்கும் 'நைஃப்' கே என்ற எழுத்தில் தொடங்கினாலும் 'நைஸ்' உடன்தான் சேரும்.

இவ்வளவு சொன்னதால் பள்ளியில் படித்த இலக்கணத்தை மூட்டை கட்டி வைக்கச் சொல்வதாக நினைக்காதீர்கள். அதை மறந்துவிட்டு வருவது இன்னும் பெரிய தவறு. நான் அதைத்தான் செய்தேன். ஏ-யில் ஆரம்பித்து அகரவரிசையில் இருநூறு கலைச்சொல்லுக்கு வரையறை எழுதி, மாயவரம் பஸ்ஸில் உட்கார்ந்து உருப்போட்டேன். வரிசை மாற்றிக் கேட்டால் ஒன்றும் வராது.

வீட்டு அர்த்தத்தோடு உள்ளே வரும் சொற்களும் ஆளைக் கவிழ்க்கும். 'கன்சீட்' என்றால் திமிர் என்று எழுதினால் மதிப்பெண் போச்சு. கவிதையில் அது எதிர்பாராத இரண்டை வலிந்து ஒப்பிட்டு நீட்டிக்கொண்டு போவது. காதலர் இருவரின் உயிரையும் காம்பஸின் இரண்டு கால்களாக்கினாரே ஜான் டன், அது. 'ஃபாயில்' என்றால் வில்லன் என்று ஒரு நினைப்பு. நகைக் கல் பளிச்சென்று தெரிய அதன் அடியில் வைக்கும் மெல்லிய தகடுதான் அந்தச் சொல்லின் வேர். அதுபோல இன்னொருவரின் குணம் எடுப்பாகத் தெரியப் பக்கத்தில் நிற்கும் பாத்திரம்தான் ஃபாயில். தஞ்சாவூர் ஓவியத்தில் தங்க ரேக்கை மேலே ஒட்டுவார்கள். இந்தத் தகடு கீழே கிடந்து கல்லைக் காட்டும். ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' நாடகத்தின் முதல் பாகத்தில் இளவரசன் ஹாலுக்கு ஹாட்ஸ்பர் ஃபாயில். அவனை வில்லன் என்று யாராவது சொல்வார்களா? வீரன். ஹாலே தன் தனிமொழியில் இந்த உவமையைப் பிடித்துப் பேசுகிறான்.

துன்பியல் நாயகனை வீழ்த்தும் தவறான ஹமார்ஷியாவைக் குணக்கேடு என்று மட்டும் எழுதாதீர்கள். குறி தவறுவது என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. விசாரிக்காமல் கோவலனைக் கொல்லச் சொன்ன பாண்டியன் கெட்டவனா? இல்லை, தவறினான்.

கடைசியாக, பெயர் ஒட்டிவிட்டு நகர்ந்துவிடுவது. பேராசிரியர்கள் சலித்துப்போகும் வாக்கியம், 'இவ்வரியில் மெட்டானமி பயின்று வந்துள்ளது'. சரி, வந்து என்ன செய்கிறது? ஆகுபெயர் இங்கே கை கொடுக்கும். 'தலைக்கு நூறு ரூபாய்' என்பதில் உறுப்பு முழு ஆளைக் குறிக்கிறது, சினையாகு பெயர், ஆங்கிலத்தில் சினெக்டகி. 'மேட்டூர் திறந்தாச்சு' என்றால் ஊரின் பெயர் அணைக்கு ஆகி வருகிறது, இடவாகு பெயர், அது மெட்டானமி. இதுவரை ஒட்டிய பெயர்தான். ஒரு பெண் இன்னும் ஒரு வரி சேர்த்து எழுதினாள்: கடைமடையில் நாற்றை வைத்துக்கொண்டு காத்திருப்பவருக்கு மேட்டூரில் தெரு இல்லை, கடை இல்லை, மனிதர்கள் இல்லை, ஷட்டர் மட்டும்தான் இருக்கிறது, அதனால்தான் அவர் வாயில் ஒரு முழு ஊரும் திறக்கிறது, மூடுகிறது.