எட்டு அணி ஹாக்கி போட்டிக்கு லீக் அட்டவணை போடுவது எப்படி?

கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் பொள்ளாச்சி, அந்தப் பக்கம் பாலக்காடு. இரண்டு பக்கத்துப் பையன்களும் எங்கள் மைதானத்துக்கு விளையாட வருவார்கள். அணிக்கு ஏழு பேர். போன வருடம் அட்டவணை போட்டது நான்தான், சொதப்பியதும் நான்தான். மைதானத்துக்குக் கோடு போடுவது, அம்பயர் பிடிப்பதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும், நேராக அட்டவணைக்கு வருகிறேன்.

1. எட்டு அணியை நான்கு நான்காக இரண்டு பூலாக, அதாவது குழுவாகப் பிரியுங்கள். பூலுக்குள் எல்லோரும் எல்லோரோடும் ஒரு முறை ஆட வேண்டும். பூலுக்கு 6 மேட்ச், ஆக 12. இரண்டு செமி, ஒரு ஃபைனல் சேர்த்து 15. பாதிக்கு 10 நிமிடம்தான் என்றாலும் மேட்சுக்கு அரை மணி போய்விடும். சனி, ஞாயிறு இரண்டு நாள் வையுங்கள்.

2. பூலுக்குள் வரிசை: 1-4, 2-3. அப்புறம் 1-3, 2-4. கடைசியாக 1-2, 3-4. ஒரு பூலில் இரண்டு மேட்ச் முடிந்ததும் அடுத்த பூலுக்குப் போங்கள், மூச்சு வாங்க நேரம் கிடைக்கும்.

3. வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1.

4. நான் மாட்டியது இங்கேதான். ஒரு பூலில் மூன்று அணிக்கும் ஆறாறு புள்ளி, செமிக்குப் போக இடம் இரண்டுதான். 'நேருக்கு நேர் ஜெயித்தது யார்' என்று பார்த்தால் முதல் அணி இரண்டாவதை, இரண்டாவது மூன்றாவதை, மூன்றாவது முதலாவதை ஜெயித்திருக்கிறது! சரி, கோல் வித்தியாசம் (போட்ட கோலில் வாங்கிய கோலைக் கழித்தது) பார்ப்போம் என்று நோட்டைத் திறந்தால், நான் ஜெயித்த அணியின் பெயரை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன், எத்தனை கோல் என்று எழுதவே இல்லை. கடைசியில் சீட்டுக் குலுக்கினோம். வெளியே போன அணி என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதனால் போட்ட கோல், வாங்கிய கோல் என்று இரண்டு கட்டம் கட்டாயம் போடுங்கள்.

5. புள்ளி சமமானால் என்ன செய்வது என்பதை முதல் மேட்சுக்கு முன்பே எழுதி ஒட்டுங்கள். சர்வதேசப் போட்டிகளில் முதலில் வெற்றிகளின் எண்ணிக்கை, பிறகு கோல் வித்தியாசம், பிறகு போட்ட கோல், அதற்கப்புறம்தான் நேருக்கு நேர். 2023 உலகக்கோப்பையில் ஒரே பூலில் இருந்த இந்தியாவும் இங்கிலாந்தும் ஆளுக்கு 7 புள்ளி. இங்கிலாந்துக்கு வித்தியாசம் 9, நமக்கு 4. அவர்கள் நேராகக் காலிறுதிக்குப் போனார்கள், நாம் நியூசிலாந்தோடு கூடுதலாக ஒரு மேட்ச் ஆடி ஷூட்-அவுட்டில் வெளியே வந்தோம். வேல்ஸை 4-2 என்று ஜெயித்தது போதவில்லை, குறைந்தது ஏழு கோல் வித்தியாசத்தில் ஜெயித்திருக்க வேண்டும்!

போனில் எக்ஸெல் போடலாம்தான், ஆனால் நான் சார்ட் பேப்பர் கட்சி. போன் ஒருவர் கையில் இருக்கும், சார்ட்டை எல்லோரும் பார்ப்பார்கள், தப்புக் கூட்டினால் அங்கேயே சத்தம் போடுவார்கள். அணிப் பெயர்களைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதுங்கள். ஆடி மாதம் என்றால் பிளைவுட்டில் ஆணி அடித்து மாட்டுங்கள், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சும்மா விடாது.

பிற்சேர்க்கை: ஏழு அணிதான் வந்தால் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஒரு பூலில் நான்கு, இன்னொன்றில் மூன்று வையுங்கள், தப்பில்லை. ஆனால் 'சிறந்த இரண்டாம் இடம்' என்று இரண்டு பூலையும் ஒப்பிடாதீர்கள். 2025இல் சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் உலகக்கோப்பையில் இரண்டாம் இடத்து அணிகளில் சிறந்த இரண்டைக் காலிறுதிக்கு எடுத்தார்கள். அங்கே ஆறு பூலிலும் நான்கு நான்கு அணி, எல்லோருக்கும் மூன்று மேட்ச். உங்கள் சின்ன பூலில் ஆளுக்கு இரண்டே மேட்ச்தான்.