கடை வெப்சைட்டுக்குப் பேரு பிடிக்கப் போறீங்களா, இத பாத்துக்கிடுங்க

அண்ணாச்சி, வாங்குததுக்கு முன்னாடி அந்தப் பேர போன்ல ஒருத்தர்ட்ட சொல்லிப் பாருங்க, அவரு திருப்பிக் கேக்காம சரியா டைப் பண்ணிட்டார்னா பேரு தேறும். நம்மூர்ப் பேருல இதான் பெரிய சிக்கல், திருநெல்வேலிய டின்னு தொடங்குதவங்களும் இருக்காங்க, டிஹெச் போடுதவங்களும் இருக்காங்க, கருப்பட்டிக்கு ஒரு பியா ரெண்டு பியான்னு வேற கொழப்பம். முடிஞ்சா ரெண்டு ஸ்பெல்லிங்கையும் வாங்கி ஒன்ன இன்னொன்னுக்குத் திருப்பி விட்ருங்க.

புள்ளிக்கு முன்னால 63 எழுத்து வரைக்கும் வைக்கலாம், ஆனா 15 தாண்டுனாலே கடைப் பையில அடிக்க எடம் பத்தாது. நடுவுல கோடு, நம்பர் வேண்டாம். டாட் காம் கெடைக்கலையா, டாட் இன் தாராளமா வாங்குங்க, நம்மூர் யாவாரத்துக்கு அது போதும்.

முக்கியமா, உங்க பேர்ல உங்க ஈமெயில்லயே பதியுங்க. பத்தமடைப் பாய் விக்கிற எங்க மச்சான் டிசைன் பண்ண பையன்ட்டயே விட்டுட்டாரு, பேரப் புதுப்பிக்கச் சொல்லி வர்ற ரினியூவல் மெயில் எல்லாம் அவனுக்கே போயி, அவன் பாக்காம, கடைசில பேர வேற யாரோ எடுத்துட்டாங்க, பில் புக்கு, விசிட்டிங் கார்டு எல்லாம் மறுபடி அடிச்சாரு. மொத வருச ஆபர் வெலைய மட்டும் பாக்காதீங்க, ரெண்டாம் வருச ரினியூவலுக்கு எவ்வளவுன்னும் கேட்டுக்கிடுங்க.