கல்லடிக் கடல்நீரைக் குசினியில் பிரித்துப் பார்ப்போம்

களத்தில் பொலி தூற்றுகிறவர் காற்றைப் பார்த்துத்தான் சுளகைத் தூக்குவார். நெல்மணி காலடியில் விழும், பதர் அப்பால் போய் விழும். இரண்டுக்கும் நிறம் ஒன்று, நீளம் ஒன்று. கனம் மட்டும் வேறு. அந்த ஒன்றைப் பிடித்துத்தான் அவர் பிரிக்கிறார். இரசாயனப் பொறியியலில் பிரித்தெடுப்பின் முதல் கேள்வியும் அதுதான்: கலந்து கிடப்பவை எதில் வேறுபடுகின்றன? கருவியைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு. மொரட்டுவைக்கோ பேராதனைக்கோ இந்தத் துறை படிக்கப் போகும் தம்பி தங்கச்சிமார், ஆலையில் கலவையைக் கொதிக்க வைத்து ஆவியாகப் பிரிக்கும் வடிகோபுரத்தின் படத்தைப் பாடமாக்குவதற்கு முன் ஒருநாள் இதைச் செய்து பாருங்கள்.

தேவையானவை: மட்டக்களப்பில் கல்லடிக் கடற்கரையில் மணலோடு அள்ளிய 2 லீற்றர் கடல்நீர், எவர்சில்வர் சட்டி, குழிந்த மூடி, சிறு கிண்ணம், பருத்தித் துணி, கிராம் காட்டும் தராசு. அலுமினியச் சட்டி வேண்டாம், உப்பு அதை அரிக்கும். வாவித் தண்ணீரும் வேண்டாம். மாரி மழைக்கும் முகத்துவாரம் திறப்பதற்கும் ஏற்ப அதன் உப்பு மாறிக்கொண்டே இருக்கும்.

படி 1: நிறுங்கள்
எதையும் தொடுமுன் நிறுத்து எழுதுங்கள். 2 லீற்றர் கடல்நீர் சுமார் 2,050 கிராம் இருக்கும். உள்ளே போனது அத்தனையும் ஏதோ ஒரு வழியால் வெளியே வந்தாக வேண்டும். இந்தக் கணக்குத்தான் திணிவுச் சமநிலை.

படி 2: தெளிய விட்டு வடியுங்கள்
மணல் சில நொடியில் அடியில் இறங்கும். கலங்கல் மணிக்கணக்கில் நிற்கும். நுண்ணிய துணிக்கையின் விட்டம் பத்தில் ஒன்றானால், அது இறங்கும் வேகம் நூற்றில் ஒன்றாகிவிடும். தெளிந்ததை மெல்லச் சரித்து ஊற்றி, நாலாக மடித்த துணியில் வடியுங்கள். மணலைக் காயவைத்து நிறுங்கள்.

படி 3: ஆவியைப் பிடியுங்கள்
கரைந்த உப்பைத் துணி தடுக்காது. இனி வேறொரு வேற்றுமை வேண்டும். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. சட்டியின் நடுவே ஒரு கல்லை வைத்து அதன்மேல் கிண்ணத்தை வையுங்கள். மூடியைக் கவிழ்த்து மூடி, குழிவில் ஐஸ் போடுங்கள். மிதமான சூட்டில் அரை மணி நேரம் விட்டால், மூடியின் அடியில் முத்து முத்தாகத் திரண்ட நீர் கிண்ணத்தில் சொட்டியிருக்கும். அதில் உப்புக் கரிப்பே இராது.

காஸ் எவ்வளவு போகிறது என்பதையும் கவனியுங்கள். 1 கிலோ தண்ணீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 300 கிலோயூலுக்குச் சற்றுக் குறைவாகத்தான் செலவாகும். ஆனால் அதை முழுதும் ஆவியாக்க இன்னும் 2,257 கிலோயூல் வேண்டும். கடல்நீரைக் குடிநீராக்கும் புதிய ஆலைகள் பல கொதிக்க வைக்காமல் ஆர்.ஓ. மென்சவ்வுக்குப் போனது இதனால்தான். அங்கே சுமார் 60 பார் அழுத்தம் கொடுத்தால் தண்ணீர் சவ்வைத் தாண்டும், உப்பு தங்கிவிடும்.

எங்கள் தயிர்ச் சட்டியும் இந்த வகைக்குக் கிட்ட நிற்கிறது. மண்ணின் நுண்துளை தண்ணீரை உறிஞ்சி வெளியே விடும், எருமைப்பாலின் கொழுப்பும் புரதமும் உள்ளேயே நிற்கும். தயிர் வெட்டியெடுக்கும் பதத்துக்கு இறுக அதுவும் ஒரு காரணம்.

படி 4: பளிங்காக்குங்கள்
பொறுமை வேண்டிய இடம் இதுதான். கல்லையும் கிண்ணத்தையும் எடுத்துவிட்டுத் திறந்தபடி வற்ற விடுங்கள். 2 லீற்றர் 400 மில்லிலீற்றர் அளவுக்கு வரும்போது சட்டியின் ஓரத்தில் வெண்ணிறத் தூள் ஒட்டத் தொடங்கும். அது கல்சியம் சல்பேற்று, கறியுப்பு இல்லை. 200 மில்லிலீற்றரை நெருங்கியதும் துணியில் வடித்து அதை நீக்கி, நிறுக்க எடுத்து வையுங்கள்.

இனி அடுப்பைத் தணியுங்கள், தெறிக்கும். சற்று நேரத்தில் மேற்பரப்பில் சின்னச் சதுரங்கள் மிதக்கும். ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து, சாய்ந்து மூழ்கும். சோடியம் குளோரைட்டு பளிங்காவதை முதல்முறை கண்ணால் பார்த்த அன்று நான் அடுப்படியை விட்டு நகரவே இல்லை.

நாலு மேசைக்கரண்டி நீர் மிஞ்சும்போது நிறுத்துங்கள். நான் முதல் தடவை முழுக்க வற்ற விட்டேன். உப்பு நாக்கில் கசந்தது, இரவோடு இரவாக ஈரம் இழுத்துச் சேறாகிவிட்டது. எளிதில் பளிங்காகாமல் கடைசி நீரில் தங்கும் மகனீசியம் குளோரைட்டும் மற்ற மகனீசிய உப்புகளும் செய்த வேலை அது. அந்த நீரை வடித்து நிறுக்க எடுத்து வைத்துவிட்டு, பளிங்குகளை நிரம்பிய உப்புக் கரைசலில், அதாவது இனியும் உப்புக் கரையாத அளவுக்கு உப்புக் கரைத்த நீரில், ஒருதரம் அலசுங்கள். நல்ல தண்ணீரில் அலசினால் உப்பும் கரைந்து போய்விடும். நிறுக்க மட்டும் வையுங்கள், கறிக்குப் போட வேண்டாம்.

படி 5: கணக்கை முடியுங்கள்
2 லீற்றர் கடல்நீரில் கரைந்திருப்பது மொத்தம் 70 கிராமுக்குக் கிட்ட, அதில் சோடியம் குளோரைட்டு 54 கிராம் அளவு. மாரியில் இன்னும் குறையும். காய்ந்த உப்பு 40 கிராம் வந்தாலே நல்ல கைப்பக்குவம். மிச்சம் அந்தக் கசப்பு நீரில்தான் இருக்கிறது. தூய்மை கூட வேண்டுமென்றால் அளவை விட்டுக்கொடுக்க வேண்டும், ஆலையிலும் அப்படித்தான்.

பிறகு மணல், வெண்தூள், உப்பு, கசப்பு நீர், கிண்ணத்தில் சொட்டிய நீர் எல்லாவற்றையும் கூட்டி, முதலில் எழுதிய எடையிலிருந்து கழியுங்கள். வரும் மீதிதான் படி 3இல் மூடி ஓரத்தாலும் படி 4இல் திறந்த சட்டியாலும் குசினி யன்னல் வழியே போன ஆவி.