புகையிலைப் பணம் பிள்ளைகளைச் சேராமல் போவது எப்படி? அமெரிக்க மாநிலங்களிடமிருந்து தெரிந்துகொண்டு தவிர்க்க வேண்டிய தவறுகள்

1998 நவம்பர் 23 அன்று அமெரிக்காவின் 46 மாநிலங்களும் நான்கு பெரிய சிகரெட் கம்பெனிகளும் ஓர் ஒப்பந்தம் போட்டன. சிகரெட்டால் வந்த நோய்களுக்கு மாநிலங்கள் செய்த மருத்துவச் செலவை ஈடுகட்ட, முதல் 25 ஆண்டுகளில் மட்டும் சுமார் 20,600 கோடி டாலர் தருவதாகக் கம்பெனிகள் ஒத்துக்கொண்டன. அதற்கு அப்புறமும் ஆண்டுதோறும் பணம் வந்துகொண்டே இருக்கும். மிசிசிப்பி, ஃப்ளோரிடா, டெக்சஸ், மினசோட்டா ஆகிய நான்கும் முன்னதாகவே தனித்தனியாக வழக்கை முடித்துக்கொண்டிருந்தன.

பிள்ளைகள் பெயரைச் சொல்லித்தான் இந்த வழக்குகளுக்கு மக்கள் ஆதரவு திரண்டது. ஆனால் வரும் பணத்தில் இத்தனை பங்கைத் தடுப்புப் பணிக்குச் செலவிட வேண்டும் என்ற கட்டாயம் ஒப்பந்தத்தில் இல்லை. விளைவு என்ன? 2020 நிதியாண்டில் ஒப்பந்தப் பணமும் புகையிலை வரியுமாக மாநிலங்களுக்கு ஏறத்தாழ 2,720 கோடி டாலர் வருவதாகக் கணக்கு. தடுப்புக்கும், புகைப்பவர்கள் விட்டுவிட உதவுவதற்கும் ஒதுக்கியது 74 கோடி. நூறு டாலரில் மூன்று டாலர்கூட இல்லை. அதே காலத்தில் சிகரெட், மெல்லும் புகையிலைக் கம்பெனிகள் விளம்பரத்துக்கும் விலைச் சலுகைக்கும் ஆண்டுக்கு 800 கோடி டாலருக்கு மேல் இறைத்தன. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பது இதுதான்.

அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோர் எங்கே கூடினாலும் இப்போது வேப் எனும் மின்சிகரெட் பற்றிய பேச்சு வருகிறது. இதைத் தடுக்கச் செலவிடக்கூடிய பணம் தங்கள் மாநிலத்துக்கு ஆண்டுதோறும் வருகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தால் கேட்கலாம். கேட்பதற்கு முன், கடந்த கால் நூற்றாண்டில் அது எங்கெங்கே கைநழுவியது என்று பார்ப்பது நல்லது.

பணத்தைப் பொதுக் கஜானாவில் கலக்க விடுவது

முதல் தவறு இது. பொதுநிதியில் விழுந்த பணத்துக்கு அடையாளம் கிடையாது. நியூயார்க் மாநிலத்தின் நயாகரா கவுண்டியில் புகையிலைப் பணத்திலிருந்து 7 லட்சம் டாலர் ஒரு கோல்ஃப் மைதானத்தின் நீர்த்தெளிப்பான்களுக்குப் போனது. இன்னொரு 2.4 கோடி டாலர் சிறைச்சாலைக்கும் அலுவலகக் கட்டடத்துக்கும் போனது. வட கரோலினாவில் ஒரு பங்கு புகையிலை விவசாயிகளின் தொழிலை நவீனப்படுத்தவே செலவானது. இதில் எதுவும் திருட்டு இல்லை, எல்லாம் சட்டப்படி நடந்தவை. அதனால்தான் எனக்கு இது இன்னும் கவலையாக இருக்கிறது.

தனி நிதியம் ஒன்று அமைத்துவிட்டால் போதுமா? ஓஹையோ அப்படித்தான் அமைத்தது. 2008-இல் பொருளாதாரம் சரிந்தபோது, வேலைவாய்ப்புத் திட்டத்துக்கு என்று சொல்லி அந்த நிதியத்திலிருந்து சுமார் 23 கோடி டாலரை ஆளுநரும் சட்டமன்றமும் எடுத்துக்கொள்ள முடிவெடுத்தன. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 2010-இல் தீர்ப்பு அரசுக்குச் சாதகமாக வந்தது. சட்டமன்றம் கட்டிய நிதியத்தைச் சட்டமன்றமே கலைக்கலாம் என்பதுதான் இதன் பொருள்.

ஓக்லஹோமா செய்ததைப் பாருங்கள். 2000-இல் மக்கள் வாக்களித்து, மாநில அரசியலமைப்பிலேயே ஓர் அறக்கட்டளை நிதியத்தை எழுதி வைத்தார்கள். ஒப்பந்தப் பணத்தில் அதற்குப் போகும் பங்கு படிப்படியாக உயர்ந்து நான்கில் மூன்றானது. நிதியத்தின் மூலதனத்தைத் தொட முடியாது, அதிலிருந்து வரும் வருமானத்தை மட்டுமே செலவிட முடியும். 2020-இல் அந்தப் பங்கை நான்கில் ஒன்றாகக் குறைக்க ஒரு முயற்சி நடந்தது. அரசியலமைப்பில் இருந்ததால் மறுபடியும் மக்களிடம் போக வேண்டியிருந்தது. மக்கள் முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

நாளை வரும் பணத்தை இன்றே விற்பது

ஒப்பந்தப் பணம் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக வரும். மொத்தமாக இன்றே வேண்டும் என்று நினைத்த மாநிலங்கள், வரவிருக்கும் பணத்தை ஈடு காட்டிக் கடன் பத்திரம் விற்றன. அதிலும் மோசமான ஒரு வகை உண்டு. இடையில் வட்டி கட்ட வேண்டியதில்லை, பல பத்தாண்டுகள் கழித்து வட்டிக்கு வட்டி சேர்த்து ஒரே தவணையில் கட்ட வேண்டும். சுமார் 300 கோடி டாலர் வாங்கியதற்கு 6,400 கோடி டாலர் திருப்பித் தருவதாக சில மாநிலங்களும் பிரதேசங்களும் கவுண்டிகளும் இப்படி ஒத்துக்கொண்டிருப்பதை 2014-இல் ஒரு புலனாய்வுச் செய்தி வெளிக்கொண்டு வந்தது.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கம்பெனிகள் தரும் தொகை சிகரெட் விற்பனையோடு பிணைக்கப்பட்டது. விற்பனை குறைந்தால் தொகையும் குறையும். கடனை அடைக்க அந்தத் தொகையை நம்பியிருக்கும் அரசுக்கு, மக்கள் புகைப்பதை விடுவது வருமான இழப்பாகத் தெரியும். சுகாதாரத் துறை ஒரு பக்கமும் நிதித்துறை மறுபக்கமும் இழுக்கும் நிலைமைக்கு எந்த மாநிலமும் தன்னைக் கொண்டுபோகக் கூடாது.

நன்றாக நடப்பதை நிறுத்துவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். ஆதாரமும் ஏராளமாக இருக்கிறது.

ஃப்ளோரிடா 1998-இல் பதின்ம வயதினரைக் கூட்டி மாநாடு நடத்தி, எந்தச் செய்தியை எப்படிச் சொன்னால் உங்களுக்கு ஏறும் என்று அவர்களிடமே கேட்டது. நுரையீரல் கெடும், பல் கறைபடும் என்ற பழைய பாட்டு வேண்டாம் என்றார்கள் பிள்ளைகள். கம்பெனிகள் எங்களை எப்படி ஏமாற்றுகின்றன என்பதைச் சொல்லுங்கள் என்றார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் ‘ட்ரூத்’ இயக்கம். இரண்டே ஆண்டுகளில் புகைக்கும் நடுநிலைப் பள்ளி மாணவர்கள் 18.5 விழுக்காட்டிலிருந்து 11.1 ஆகக் குறைந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் 27.4-இலிருந்து 22.6 ஆனது. பொது சுகாதாரத்தில் இவ்வளவு வேகமாக எண்கள் இறங்குவது அபூர்வம்.

அப்புறம் நிதியை வெட்டத் தொடங்கினார்கள். தொடக்கத்தில் ஆண்டுக்கு 7 கோடி டாலர் அளவில் இருந்தது 2003-இல் 10 லட்சம் டாலராகச் சுருங்கியது. கடைசியில் மக்களே தலையிட வேண்டி வந்தது. 2005-இல் வந்த ஒப்பந்தப் பணத்தில் 15 விழுக்காட்டுக்கு நிகரான தொகையை, விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தி, ஆண்டுதோறும் தடுப்புப் பணிக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று 2006-இல் வாக்களித்து அரசியலமைப்பில் சேர்த்தார்கள்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைக் கிட்டத்தில் பார்க்க மினசோட்டாவுக்குப் போக வேண்டும். அங்கே இளைஞர்களுக்கான ‘டார்கெட் மார்க்கெட்’ இயக்கம் 2003 நடுவில் நிறுத்தப்பட்டது. நிறுத்திய சமயத்திலும் சில மாதம் கழித்தும் 12 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் கருத்துக் கேட்டார்கள். இயக்கத்தைத் தெரியும் என்றவர்கள் 84.5 விழுக்காட்டிலிருந்து 56.5 ஆனார்கள். நண்பன் சிகரெட்டை நீட்டினால் கண்டிப்பாக வேண்டாம் என்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடியாதவர்கள் 43.3-இலிருந்து 52.9 விழுக்காடு ஆனார்கள். அரை வருடத்துக்குள் இவ்வளவு மாற்றம்.

இதற்குக் காரணம் புரியாத ஒன்றல்ல. ஒவ்வோர் ஆண்டும் புதிதாக ஓர் ஆறாம் வகுப்பு வந்துகொண்டே இருக்கிறது. போன வருடத்து விளம்பரத்தை அந்தப் பிள்ளைகள் பார்த்ததில்லை, போன வருடம் வந்து பேசிய அண்ணனையும் அக்காவையும் அவர்களுக்குத் தெரியாது. போலியோ சொட்டு மருந்தை ஒரு வருடம் கொடுத்தாயிற்று, இனி வேண்டாம் என்று எந்த அரசும் சொல்வதில்லை.

மசசூசெட்ஸும் 2000-களின் தொடக்கத்தில் தன் திட்டத்தின் நிதியில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெட்டியது. நாடு முழுவதும் பேர்பெற்ற திட்டம் அது. கடைக்காரர்கள் சிறுவர்களுக்கு விற்கிறார்களா என்று சோதிக்க ஆள் இல்லாமல் போன ஊர்களில், சிறுவர்களுக்கான விற்பனை மறுபடி ஏறியது.

சிக்கனம் என்று சொல்லித்தான் வெட்டுகிறார்கள். கலிஃபோர்னியாவின் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 1988-இல் மக்கள் வாக்களித்து ஒரு பாக்கெட்டுக்கு 25 சென்ட் வரி கூட்டி, அதில் ஐந்தில் ஒரு பங்கைப் புகையிலைக் கல்விக்கு ஒதுக்கினார்கள். 1989 முதல் 2008 வரை அந்தத் திட்டத்துக்கு ஆன செலவு 240 கோடி டாலர். மிச்சமான மருத்துவச் செலவு 13,400 கோடி டாலர் என்று ஆய்வு மதிப்பிட்டது. அங்கேயும் 1992-இல் விளம்பர இயக்கத்தை நிறுத்த ஆளுநர் முயன்றார். அமெரிக்க நுரையீரல் சங்கம் நீதிமன்றம் போய்த்தான் மீட்டது.

வகுப்பறைப் பாடத்தோடு முடித்துக்கொள்வது

நிதி கிடைத்தவுடன் பள்ளி மாவட்டங்கள் செய்யும் சுலபமான வேலை, ஒரு பாடத்திட்டத்தை வாங்கி எல்லாப் பள்ளிகளுக்கும் கொடுத்துவிடுவது. பெற்றோருக்கும் திருப்தி. ஆனால் வாஷிங்டன் மாநிலத்தில் 40 பள்ளி மாவட்டங்களில், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை மூன்றாம் வகுப்பிலிருந்து பள்ளி முடித்து இரண்டாண்டு வரை தொடர்ந்து பார்த்தார்கள். பாதி மாவட்டங்களில் நல்ல பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் தடுப்புப் பாடம் நடத்தினார்கள், மீதியில் இல்லை. 15 ஆண்டுகள், ஒன்றரைக் கோடி டாலர். 2000-இல் முடிவு வந்தபோது இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. பாடம் வீண் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். விலை, விளம்பரம், கடைச் சோதனை, விடுவதற்கான உதவி எல்லாம் சேர்ந்து இயங்கும் ஊரில்தான் பாடத்துக்கும் பலன் இருக்கும். சி.டி.சி. எனும் நோய்க் கட்டுப்பாட்டு மையம் மாநிலங்களுக்குத் தரும் வழிகாட்டியிலும் இதையே சொல்கிறது.

கம்பெனிகள் இலவசமாகக் கொடுக்கும் பாடத்தை வாங்குவது இதைவிட ஆபத்து. ஃபிலிப் மோரிஸ் 1998-இல் ‘யோசி, புகைக்காதே’ என்ற பொருளில் ஒரு விளம்பர இயக்கம் நடத்தியது. அதைப் பார்த்த பிள்ளைகளிடம் புகைத்துப் பார்க்கலாமே என்ற எண்ணம் கூடுதலாக இருந்ததை 2002-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே வழியில் மின்சிகரெட் விற்கும் ஜூல் கம்பெனியும் பள்ளிகளைத் தேடிப் போனது. பால்டிமோரில் பிள்ளைகளின் ஒரு கோடைக்கால முகாமுக்கு 1.34 லட்சம் டாலர் கொடுத்தது என்ற விவரம் 2019-இல் நாடாளுமன்ற விசாரணையில் வெளிவந்தது. உங்கள் பள்ளியில் யாராவது நலவாழ்வு வகுப்பு இலவசமாக நடத்துகிறோம் என்று வந்தால், பணம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் கேளுங்கள்.

சிகரெட்டை மட்டும் எண்ணுவது

1997-இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 36.4 விழுக்காட்டினர் சிகரெட் பிடித்தார்கள். 2024-இல் அது 2 விழுக்காட்டுக்கும் கீழ். பெரிய வெற்றிதான், சந்தேகமில்லை. இதைக் காட்டித்தான் இனி எதற்குப் பணம் என்று பட்ஜெட் கூட்டங்களில் கேட்கிறார்கள். ஆனால் 2019-இல் அதே உயர்நிலைப் பள்ளிகளில் 27.5 விழுக்காட்டினர் மின்சிகரெட் பிடித்தார்கள். 2024-இல் 7.8 ஆகக் குறைந்திருக்கிறது. அதற்குள் உதட்டுக்கடியில் வைக்கும் நிகோடின் பொட்டலம் வந்துவிட்டது. பெட்ரோல் பங்க் கல்லாவில் மிட்டாயும் சூயிங்கமும் இருக்கும் உயரத்துக்குச் சற்று மேலே, புதினா மணத்தில், வண்ண டப்பிகளில் அடுக்கியிருக்கும். பார்த்திருப்பீர்கள். பொருள் மாறுகிறது, அதற்குள் இருக்கும் நிகோடின் மாறவில்லை. அதனால் எதைக் கணக்கெடுக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

ஜூல் கம்பெனியும் மாநிலங்களோடு வழக்கை முடித்துக்கொண்டு பணம் கொடுத்துவருகிறது. 2022-இல் முப்பதுக்கு மேற்பட்ட மாநிலங்களுக்கு 43.85 கோடி டாலர், 2023-இல் நியூயார்க், கலிஃபோர்னியா உள்ளிட்ட ஆறு மாநிலங்களுக்கும் வாஷிங்டன் டி.சி.க்கும் 46.2 கோடி டாலர். 1998-இல் நடந்தது இந்தப் பணத்துக்கும் நடந்துவிடக் கூடாது.

பிள்ளையைக் குற்றவாளியாக்குவது

பள்ளிக் கழிப்பறையில் வேப் கருவியோடு பிடிபட்ட பிள்ளையை ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்புவதால் நிகோடின் பழக்கம் போகாது. வீட்டில் தனியாக இருக்கும் நேரம்தான் கூடும். கைப்பேசிக் குறுஞ்செய்தி வழியாக விட்டுவிட உதவும் இலவசத் திட்டங்கள் இருக்கின்றன, இடைநீக்கத்துக்குப் பதிலாக நடத்தும் வகுப்புகளும் இருக்கின்றன. பணம் அங்கே போக வேண்டும். கண்டிப்பு வேண்டுமென்றால் 21 வயதுக்குக் கீழ் விற்கும் கடையிடம் காட்டட்டும்.

தாமதமாகப் போவது

பெரும்பாலான மாநிலங்களில் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. ஆளுநரின் வரைவு பட்ஜெட் ஆண்டுத் தொடக்கத்திலேயே வந்துவிடும், நிதி ஒதுக்கீட்டுக் குழுக்கள் அடுத்த சில மாதங்களில் பொதுமக்களைக் கேட்கும். மே மாதக் கடைசியில் மனு எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். டெக்சஸ் போன்ற மாநிலத்தில் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டில்தான் வழக்கமாகக் கூடுகிறது, தவறவிட்டால் இரண்டு வருடம் போயிற்று. சுகாதாரத் துறையிடம் போய்க் கேட்பதைவிட ஒதுக்கீட்டுக் குழுவில் இருக்கும் உங்கள் தொகுதி உறுப்பினரைப் பார்ப்பது பயன் தரும். 2025 ஏப்ரலில் சி.டி.சி.யின் புகையிலைப் பிரிவில் பணிநீக்கங்கள் நடந்த பிறகு, மத்திய அரசின் கையை நம்பியிருந்த மாநிலத் திட்டங்களுக்கு இந்தக் கூட்டங்கள் இன்னும் முக்கியமாகிவிட்டன.

பேச இரண்டு மூன்று நிமிடம்தான் கொடுப்பார்கள். அதற்குள் இவற்றைக் கேளுங்கள். இந்த ஏப்ரலில் ஒப்பந்தப் பணம் எவ்வளவு வந்தது? புகையிலை வரி எவ்வளவு? அதில் தடுப்புக்கு எவ்வளவு? நம் மாநிலத்துக்கு சி.டி.சி. 2014-இல் பரிந்துரைத்த தொகை எவ்வளவு? வரவிருக்கும் பணத்தில் எந்தப் பங்கு பத்திரக் கடனுக்குப் போகிறது, எந்த ஆண்டு வரை? ஜூல் பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது? பதிலை எழுத்தில் கேளுங்கள். அடுத்த ஆண்டு அதே காகிதத்தோடு போகலாம்.