ட்ராக்ல வண்டி ஹீட் ஆகுதா? ரேடியேட்டர் மாத்துறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

மாடிஃபை பண்ணுன காரை ட்ராக்ல ஓட்டும்போது டெம்பரேச்சர் ஏறுச்சுன்னா, நிறைய பேர் நேரா போயி தடிமனான அலுமினியம் ரேடியேட்டர் வாங்கி மாட்டிடுறாங்க. மாட்டியும் ஹீட் குறையலன்னா அடுத்து அதவிட பெருசு. என்னக் கேட்டா காசு போக வேண்டிய கடைசி இடம் அதுதான். முன்னாடி பம்பர் வழியா வர்ற காத்து முழுசும் ரேடியேட்டருக்குள்ள போறதில்ல, சைடுல, மேல, கீழ எங்க இடைவெளி இருக்கோ அப்படியே நழுவிப் போயிடும், ஏன்னா ரேடியேட்டரோட மெல்லிய தகடுங்களுக்கு (ஃபின்) நடுவுல நுழையறதவிட அது சுலபம். தடிமன் கூடக் கூட காத்து நுழையறது இன்னும் கஷ்டம், அப்ப இன்னும் அதிகமா வெளிய நழுவும். முதல்ல பம்பருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல அலுமினியம் தகடு வெச்சு, ஓரத்துல ஃபோம் ஒட்டி, எல்லா ஓட்டையையும் அடைங்க. செலவு கம்மி, பலன் கண்ணுக்குத் தெரியும்.

உள்ள போன காத்து வெளிய வரணும்ல, அத யாரும் யோசிக்கிறதே இல்ல. பானட்டோட பின்பக்கத்த வாஷர் போட்டுத் தூக்கி விடுறாங்க பாருங்க, பார்க்க ரேஸ் கார் மாதிரி இருக்கும், ஆனா கண்ணாடிக்கு அடியில ஸ்பீடுல காத்து முட்டி பிரஷர் ஜாஸ்தி ஆகுற இடம் அது. சூடு அங்கருந்து வெளிய போறதுக்குப் பதிலா காத்து உள்ள வரும், ரேடியேட்டர் வழியா வர்ற காத்துக்கு எதிரா நிக்கும். வென்ட் வெட்டுறதா இருந்தா ரேடியேட்டருக்குப் பின்னால, பானட்டோட முன்பாதியில வெட்டுங்க.

தெர்மோஸ்டாட், அதாவது தண்ணி சூடானதும் திறந்து ரேடியேட்டருக்கு விடுற வால்வு, அதோட கதை தனி. சீக்கிரம் திறக்குறத போட்டா கூலா இருக்கும்னு நம்புறாங்க. அதுவும் சரி, சாதாரணதும் சரி, முழுசா திறந்துட்டா வித்தியாசம் ஒண்ணும் இல்ல, ரேடியேட்டரால எவ்ளோ சூட்டை வெளியேத்த முடியுமோ அவ்ளோதான். இன்னும் சிலர் கழட்டியே போட்டுடுவாங்க. பல இஞ்சின்ல சூடானதும், ரேடியேட்டருக்குப் போகாம சுத்துற பைபாஸ் வழிய மூடுறதும் அதே தெர்மோஸ்டாட்தான், கழட்டிட்டா ஒரு பகுதி தண்ணி ரேடியேட்டர் பக்கமே போகாம சுத்திக்கிட்டு இருக்கும்.

கூலன்ட்ட கெட்டியா ஊத்துனா நல்லதுன்னு நினைக்காதீங்க. சூட்டைத் தூக்கிட்டுப் போறதுல கூலன்ட்ல இருக்குற கிளைகால் (glycol) கெமிக்கலவிட வெறும் தண்ணி பெட்டர். பல ரேஸ்ல கிளைகால் கூலன்ட்டே கூடாது, ட்ராக்ல சிந்துனா வழுக்கும், சுலபமா காயவும் காயாது. தண்ணி ஊத்துனா துருப்பிடிக்காம இருக்க அதுக்கான அடிட்டிவ் கண்டிப்பா வேணும், உறைபனி விழுற ஊர்ல நிறுத்துறதுக்கு முன்னாடி மாத்திடணும். ரேடியேட்டர் மூடியையும் பாருங்க, அது பிடிச்சு வைக்கிற ஒவ்வொரு பிஎஸ்ஐ பிரஷருக்கும் கொதிநிலை கிட்டத்தட்ட ஒன்றரை டிகிரி ஏறும், ஸ்பிரிங் தளர்ந்த பழைய மூடியால அந்த லாபம் மொத்தமும் போயிடும்.

டேஷ்போர்டு முள்ள நம்பி ஓட்டுறது பெரிய ஆபத்து. நிறைய கார்ல முள் நடுவுலயே நிக்கிற மாதிரி கம்பெனியே செட் பண்ணியிருப்பான், அது மேல ஏறுறப்போ நிலைமை கைமீறியிருக்கும். இதவிட மோசம், ஹோஸ் விட்டுப் போயி தண்ணி மொத்தமும் வெளிய போச்சுன்னா சென்சார் ஆவியில நிக்கும், ரீடிங் குறைய ஆரம்பிக்கும், நீங்க "பரவாயில்ல, கூல் ஆகுது"ன்னு மிதிச்சுக்கிட்டு இருப்பீங்க. டெம்பரேச்சருக்குத் தனி கேஜ், கூடவே கூலன்ட் பிரஷர் அலாரம் வெச்சா நிம்மதி.

ஆயில் டெம்பரேச்சரையும் மறக்காதீங்க, தண்ணியவிட மெதுவா ஏறும், அதனால முதல் ரெண்டு மூணு லேப்ல எல்லாம் ஓகேன்னு தோணும். 100ல இருந்து 120 டிகிரிக்குள்ள இருந்தா சரி, 130 தாண்டி ஏறிக்கிட்டே இருந்தா ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுங்க. ஆயில் கூலர் போடுறப்போ ஆயில் ஃபில்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவுல மாட்டுற பிளேட், தெர்மோஸ்டாட் உள்ளதா பாத்துப் போடுங்க, இல்லன்னா சாதாரண ஓட்டத்துல ஆயில் சூடே ஆகாது. அந்தக் கூலர ரேடியேட்டருக்கு நேர் முன்னாடி வெச்சா அதோட சூடு முழுக்க ரேடியேட்டருக்குத்தான் போகும், டர்போல இருந்து வர்ற காத்த குளிர வைக்கிற இன்டர்கூலருக்கும் இதே பிரச்சனைதான்.

பிரேக் ஃப்ளூயிடும் ஹீட் கணக்குலதான் வரும். டாட் 4 தரத்து ஃப்ளூயிட் புதுசா இருக்கும்போது குறைஞ்சபட்சம் 230 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கணும், ஈரம் இழுத்துக்கிட்டா அந்த அளவு 155தான். போன வருஷம் ஊத்துனதோட ட்ராக்குக்கு போகாதீங்க.

செஷன் முடிஞ்சதும் நேரா வந்து ஆஃப் பண்ணாதீங்க, முக்கியமா டர்போ வண்டி, தண்ணியும் ஆயிலும் நின்னதும் டர்போ சூடு பேரிங்ல இருக்குற ஆயில கருக்கிடும். கடைசி லேப்ப பெரிய கியர்ல, கம்மி ஆர்பிஎம்ல, பிரேக்க தொடாம ஓட்டிட்டு வாங்க. நிறுத்துன பிறகு ஹேண்ட்பிரேக் போடாதீங்க, சூடான டிஸ்க்ல பேட் அப்படியே ஒட்டிக்கும். கியர்ல போட்டுட்டு டயருக்கு ஒரு கட்டைய வைங்க, ரேடியேட்டர் மூடியையும் அந்த சூட்டுல திறந்துடாதீங்க.